வண்டிக்குக் களி

குப்பண்ணனின் கார் தும்மும்.

இருமுகிற கார்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாவில் எத்தனையோ உண்டு. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்குகிற கார் உண்டு, மழைக்கு ஒதுங்கினால் மறுபடி கிளம்ப மறுக்கிற கார் உண்டு. தும்முகிற கார் அது ஒன்றுதான். மூணாறு பக்கம் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை, கப்பலேறும் அவசரத்தில் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போன இங்கிலீஷ் வண்டி. எழுபத்து நான்காம் வருஷம் அதற்கு வயது இருபத்திரண்டு. பெண்ணாய்ப் பிறந்திருந்தால் எப்போதோ கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

சாவி போட்டு எஞ்சின் பிடித்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து 'ஹச்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே போக வேண்டிய காற்று திரும்பி வெளியே வருகிற சத்தம் அது. வேறு யாராவது அதைச் சத்தம் என்று விட்டிருப்பார்கள். குப்பண்ணனின் மனைவி ராமாத்தாளுக்கு அது தும்மல். புறப்படும் நேரத்தில் தும்மல் கேட்டால் இறங்கிவிட வேண்டும். ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, பிறகு புதிதாகப் புறப்பட வேண்டும். இந்த விதி மனிதர்களுக்கு மட்டுமா, மோட்டார் வண்டிக்கும் உண்டா என்று அவளிடம் கேட்கிற தைரியம் அந்த வட்டாரத்தில் எவருக்கும் இல்லை.

"ஏனுங்க, தும்மிருச்சு. நிறுத்துங்க."

"அது தும்மலில்லெ புள்ளை. வால்வு."

"வால்வோ வாயோ, தும்முனா தும்முனதுதானுங்க."

வீட்டிலிருந்து சித்தூர் மூன்று மைல். அதற்குள் பதினொரு தடவை இறங்கிப் பதினொரு டம்ளர் தண்ணீர். அவர்கள் பாலக்காடு போய் வந்த அன்று வீட்டுக் கிணற்றில் ஒரு படி கூடுதலாக வெளியே தெரிந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. அரைப் படிதான் தெரிந்தது.

இதையெல்லாம் குப்பண்ணன் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார், தங்கை கமலாத்தாளின் கடிதம் வரும்வரை.

கமலாத்தாளை மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே மாட்டுப் பண்ணையில் சூப்பர்வைசர் வேலை. எட்டு வருஷம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தைக்குத் தை மாதம் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்த மாமன் குப்பண்ணன் ஒருவர்தான். அவருக்கும் ராமாத்தாளுக்கும் பிள்ளைகள் இல்லை. ஐம்பத்து மூன்று வயது மடி. அதில் எந்தக் குழந்தையும் உரிமையோடு உட்கார்ந்ததில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அவர் வேட்டியை மடியில் இரண்டு தடவை நீவிவிட்டுக்கொண்டதை ராமாத்தாள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் பஸ்ஸில் போய் வந்திருப்பார்கள். கொழிஞ்சாம்பாறையில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் சின்னையன் எதிர் இலையில் உட்கார்ந்ததுதான் வினை. சின்னையன் அவருடைய சித்தப்பா மகன். அந்த முறையில் அவனும் குழந்தைக்கு மாமன். புதிதாக ஜீப் வாங்கியிருந்தான், அதன் சாவியைப் பந்தியிலும் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான்.

"அண்ணா, மாட்டுப்பட்டிக்கு எப்படிங்க போறீங்க?"

"என்ற வண்டியில."

"அப்ப குடிக்கத் தண்ணி வண்டி ஒண்ணு பின்னால வருமுங்களா?"

பந்தி சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். குப்பண்ணனுக்குக் காது மடல் சிவந்தது.

"டே சின்னையா, கேட்டுக்கோ. சபையில சொல்றேன். காது குத்து அன்னிக்குக் காலையில, முகூர்த்தம் ஒம்பதே முக்காலுக்குள்ள என்ற காரு, தள்ளிவிட ஒருத்தர் கையும் படாம, கமலாத்தா ஊட்டு வாசல்ல போயி நிக்கும். நிக்கலீன்னா புள்ளையெ உன்ற மடியிலயே உக்கார வெச்சுக் குத்திக்கங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அவர் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அலியாரின் பட்டறை வாசலில் நின்றார். அலியார் ராவுத்தர் அதிகம் பேசாதவர். வண்டியைக் கொண்டு வந்தால் முதலில் காதை வைத்துக் கேட்பார். பிறகு மோந்து பார்ப்பார். கண்ணால் பார்ப்பது கடைசியில்தான். எஞ்சினின் தலையைக் கழற்றிப் பலகைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவர் விளக்கினார்.

"காத்து உள்ளே போற வால்வு நாலு குப்பண்ணா. அதில ரெண்டு விளிம்பு தின்னு போச்சு. அடைக்க வேண்டிய நேரத்துல அடைக்கறதில்ல. உள்ளே வெடிக்கறது பின்னால திரும்பி மூக்கு வழியா வந்துருது. அதுதான் உங்க ஊட்டம்மாவோட தும்மல்."

"மூக்கா?"

அலியார் எஞ்சின் பக்கவாட்டிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார். மணி மாதிரி கவிழ்ந்த ஓர் அலுமினியக் குடுவை, அதன் உச்சியில் ஒரு பித்தளை மூடி.

"இதுக்குள்ள ஒரு பிஸ்டன் இருக்கு. எஞ்சின் எவ்வளவு காத்து இழுக்குதுன்னு பார்த்து அதுக்குத் தக்கன ஏறும், எறங்கும். ஏறுனா பெட்ரோல் கூட விடும், எறங்குனா குறைக்கும். காத்தெப் பார்த்து அளக்கறது இதுதான். உங்குளுது தேஞ்சு லொடலொடன்னு ஆடுது. வால்வு மாத்தற கையோட இதையும் மாத்தணும்."

வால்வுக்கு உதிரி கிடைக்கவில்லை. கம்பெனியே அந்த மாதிரி வண்டியை மறந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கடைசியில் குப்பண்ணனின் தோப்பில், கரண்ட் வந்த பிறகு சும்மா கிடந்த பழைய ஆயில் எஞ்சினிலிருந்து இரண்டு வால்வைக் கழற்றிக் கோயமுத்தூர் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினார்கள். பிஸ்டனும் குடுவையும் உக்கடம் பழைய இரும்புக் கடையில், ஓர் உடைந்த இட்டிலிக் கொப்பரைக்கு அடியில் கிடைத்தன. அலியார் மூன்று நாள் உட்கார்ந்து வால்வின் முகத்தில் தேய்ப்பு மாவு போட்டுக் கையால் உருட்டி உருட்டி அரைத்தார். நான்காம் நாள் பூட்டி ஸ்டார்ட் பண்ணினால், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. பானெட்டின்மேல் நிறுத்தி வைத்த பீடி விழவில்லை. தும்மல் இல்லை. ராமாத்தாள் தண்ணீர்க் கூஜாவைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் காத்திருந்து ஏமாந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அலியார். "இந்தப் பித்தளை மூடியெக் கழட்டி உள்ளே தையல் மிஷின் எண்ணெய் அரைக் கரண்டி ஊத்தணும். பிஸ்டன் குதிக்காம நிதானமா ஏற அதுதான் காவல். இப்ப ஊத்தியிருக்கேன். மலைக்குப் போற முந்தின நாள் பார்த்து மறுபடி ஊத்துங்க. தையல் மிஷின் எண்ணெய். வேற ஒண்ணும் வேண்டாம்."

மலைக்குப் போகிற முந்தின நாள் குப்பண்ணன் மூடியைக் கழற்றினார். தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய்க்குச் சித்தி மகன் மாதிரி ஒரு வாடை. சமையலறையில் அவருடைய சொந்தத் தோப்புத் தேங்காய் எண்ணெய், செக்கில் ஆட்டியது, விளக்கு வெளிச்சம் போட்டால் அடி தெரிகிற எண்ணெய், ஒரு தூக்கு நிறைய இருந்தது. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் தலை, சட்டி, விளக்கு, வண்டி அச்சு எல்லாம் அதில்தான் ஓடின. ராவுத்தருக்குத் தோப்பு இல்லை, பாவம், அவருக்கு என்ன தெரியும்? பழையதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயை அரைக் கரண்டிக்கு ஒரு கரண்டியாகவே ஊற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. வண்டி முன்னைவிட வழுக்கிக்கொண்டு ஓடியது.

புது வால்வு நூறு மைல் ஓடியதும் இடைவெளி பார்த்து முறுக்க வேண்டும் என்று அலியாரும் கூடவே கிளம்பினார். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார் செக்போஸ்ட், மறையூர் கரும்புக்காடு. வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. குப்பண்ணனால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ராவுத்தரே, வண்டி இப்படி ஓடறது உங்க கை வேலையாலயா, எண்ணெயாலயா?"

"கையாலதான்."

"எண்ணெய்க்கும் கொஞ்சம் பங்கு குடுங்க," என்று சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். மறையூர் வரைக்கும் ஆறு தடவை சிரித்தார். அலியார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மாமன் சீர் வெளியிலிருந்து ஊர்வலமாக வர வேண்டும் என்பதால் முந்தின நாளே தங்கை வீட்டில் போய் இறங்கக் கூடாது. மூணாறில், ராசம்மாள் என்பவள் நடத்திய டீக்கடைக்கு மேல்மாடியில் தங்கினார்கள். வண்டி வாசலில் நின்றது. அங்கிருந்து மாட்டுப்பட்டி எட்டு மைல். காலை ஏழரைக்குக் கிளம்பினால் எட்டரைக்கு வாசல். குப்பண்ணன் கணக்கில் ஒன்றேகால் மணி நேரம் மிச்சம் இருந்தது.

காலையில் அவர் எழுந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. தெருவில் ஒரு நாய் குரைக்க வாயைத் திறந்தது. ஆவி மட்டும் வந்தது. சத்தம் வரக் காணாமல் நாயே திரும்பிப் பார்த்தது. குப்பண்ணன் பட்டு வேட்டிக்குள் கம்பளி டிராயர் போட்டுக்கொண்டு, சீர்த் தட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கி, ராமாத்தாளை அவற்றுக்கு நடுவில் அடுக்கி, சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது. மெல்ல உறுமியது. ஆக்சிலேட்டரை மிதித்தார். 'க்கும்' என்று நின்றுவிட்டது.

மறுபடி. பிடித்தது, உறுமியது, மிதித்தார், 'க்கும்'.

அலியார் பானெட்டைத் திறந்தார். பிளக் பார்த்தார், பெட்ரோல் பார்த்தார். கடைசியில் குடுவைக்கு அடியில் விரலை விட்டுப் பிஸ்டனை மேலே தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. பித்தளை மூடியைச் சற்றுத் திருகி விரலால் தொட்டு, விரலை மோந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். மூடியைத் திரும்பவும் இறுக்கினார்.

"என்னங்க ராவுத்தரே?"

"வால்வு நல்லா இருக்கு," என்றார் அலியார்.

அப்போதுதான் சின்னையனின் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. உடம்பெல்லாம் ஸ்வெட்டர், வாயெல்லாம் பல்.

"அண்ணா, வாரீங்களா? இல்லெ, மடியெ மட்டும் குடுத்தனுப்பறீங்களா? முன் சீட்டுல எடம் இருக்குதுங்க."

"போடா. பின்னாலயே வாரேன்."

ஜீப் போய்விட்டது. அந்த நேரத்தில் ராமாத்தாள் பைக்குள் கையை விட்டு, தலைக்குத் தடவலாம் என்று தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். கவிழ்த்தாள். வரவில்லை. தட்டினாள். புட்டிக்குள் எண்ணெய் வெண்ணெயாகி, வெண்ணெய் சுண்ணாம்புக் கட்டியாகி நின்றது.

"ஏனுங்க, இதெப் பாருங்க. எண்ணெய் செத்துக் கெடக்குது."

குப்பண்ணன் பார்த்தார். சித்தூரில் ஆயுசு முழுக்க ஓடிக்கொண்டே இருந்த எண்ணெய். மார்கழியில் அடியில் சற்று வெளுக்கும், அவ்வளவுதான்; இப்படிக் கல்லாக உறையும் என்று அவர் கண்டதில்லை. கண்கள் தாமாகப் போய்ப் பித்தளை மூடியில் நின்றன. சொல்லிவிடலாம்தான். ஆனால் மறையூர் வரைக்கும் ஆறு தடவை சிரித்திருக்கிறோமே.

உள்ளே ராசம்மாள், கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்காகப் பெரிய பானையில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஆவி கூரை வரை போனது. குப்பண்ணன் அதைப் பார்த்தார். அவருக்கு ஒரு பொய் தோன்றியது. நல்ல பொய்களுக்கு உள்ள எல்லா லட்சணமும் அதற்கு இருந்தது: சூடாக இருந்தது, உருண்டையாக இருந்தது, பக்கத்திலேயே கிடைத்தது.

"மறந்தே போயிட்டனுங்க!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க பக்கத்துல ஒரு மொறை இருக்குதுங்க. புதுசா வால்வு மாத்துன வண்டி மலையேறுனா, மொதல்ல அதுக்குக் களி படைக்கோணும். படைக்காமப் போனா இப்படித்தான் நின்னுக்கும்."

ராமாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது எந்தூரு மொறைங்க? நானும் முப்பது வருசமாக் கேட்டதில்லீங்களே."

"வால்வு மாத்துனாத்தானே கேப்பே."

ராசம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். "எங்களுக்குத் தெரியாம ஒரு சாங்கியமா? எம்புட்டுக் களிய்யா வேணும்?"

"தேங்கா பருமனுக்கு ஒரு உருண்டை. கொதிக்கக் கொதிக்க."

ஆவி பறக்கிற உருண்டையை வாழையிலையில் வாங்கி, கை சுடச் சுட, குடுவையின் உச்சியில் தொப்பி மாதிரி அப்பினார். கண்ணை மூடிக் கும்பிட்டார். கும்பிடு போலியில்லை, உண்மையாகவே எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து ஆக்சிலேட்டரை மிதித்தால், வண்டி கனைத்துக்கொண்டு பாய்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ராசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அலியார் குடுவையிலிருந்து களியை வழித்து எடுத்து, மேல்தோலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மீதியை வாயில் போட்டுக்கொண்டார். "படையல்தானே," என்றார்.

வழிக்கு வேண்டுமென்று ஒரு தூக்குக் களியைக் கம்பளியில் சுற்றி வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது மணி எட்டே கால். மூன்று மைல் போயிருக்கும். பனிக் காற்று பானெட்டுக்குள் புகுந்து விளையாடிய இடத்தில் மறுபடி 'க்கும்'. மறுபடி களி, மறுபடி கும்பிடு, மறுபடி பாய்ச்சல். அலியார் மறுபடி சாப்பிட்டார். ஆறாவது மைலில் இன்னொரு உருண்டை. அது ஆறிக்கொண்டிருந்த உருண்டை. வண்டி அரை மனதோடுதான் கிளம்பியது. ஏழாவது மைல் கல்லருகில், தேயிலைச் சரிவின் நடுவே, சுத்தமாக நின்றுவிட்டது. தூக்கில் இருந்த களியை எடுத்தால் பந்து மாதிரி துள்ளும்போல் இருந்தது. மணி ஒன்பதே கால் தாண்டி எட்டு நிமிஷம்.

மேலே ஒரு மைலில் தங்கையின் குவார்ட்டர்ஸ் ஓட்டுக்கூரை தெரிந்தது. கொட்டுச் சத்தம் கேட்டது. சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி குரல் கொடுத்தாள்.

"ஏய்யா, தள்ளிவிடட்டுமா?"

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க தாயி!" குப்பண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்குக் குறுக்கே நின்றார். கை படாமல் வருவதாகச் சபையில் சொன்ன வார்த்தை. அந்த நேரம் அங்கே சின்னையன் பாயில் சம்மணம் போட்டிருப்பான். மடியில் துண்டு விரித்திருப்பான்.

"ராவுத்தரே," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஏதாச்சும் பண்ணுங்க."

அலியார் மட்கார்டில் சாய்ந்துகொண்டு பல்லிடுக்கில் இருந்த களியைக் குச்சியால் எடுத்தார். "உங்க மொறை நீங்க பண்ணிட்டீங்க குப்பண்ணா. எங்க பட்டறையிலயும் ஒரு மொறை உண்டு. களியும் கேக்காம ஒரு வண்டி நின்னா, அதுக்கு உடமைக்காரர் மேல ஏதோ மனக்குறைன்னு அர்த்தம். அவர் வண்டியோட மூக்குல வாயெ வெச்சு, மறைச்சதெச் சொல்லணும்."

"இது எந்தூரு மொறை?"

"வால்வு மாத்துனாத்தானே தெரியும்."

குப்பண்ணன் மணியைப் பார்த்தார். குனிந்தார். கார்புரேட்டரின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனார். பெட்ரோல் வாடை கண்ணைக் கரித்தது.

"போன வருசம் உன்னெ வித்துப்போட்டு ஜீப்பு வாங்கலாம்னு நெனச்சேன்," என்று கிசுகிசுத்தார்.

"சத்தமா," என்றார் அலியார். "அதுக்குக் காது கெடையாது, மூக்குதான். உரக்கச் சொன்னாத்தான் ஏறும்."

"உன்னெ வித்துப்போடலாம்னு நெனச்சேன்!" சரிவு முழுக்க எதிரொலித்தது. பெண்கள் பக்கத்தில் நெருங்கி வந்தார்கள்.

அலியார் சாவியைத் திருகிப் பார்த்தார். 'க்கும்.' "வேற ஏதோ இருக்கு."

"ஒரு தடவை மம்மது கடை மண்ணெண்ணெயெப் பெட்ரோல்ல பாதிக்குப் பாதி கலந்து ஊத்துனேன்!"

'க்கும்.'

"போன ஆவணியில, உரம் வாங்கப் போறேன்னுட்டு, பொள்ளாச்சியில ரெண்டு சினிமாப் பார்த்தேன்! ஒரே நாள்ல!"

பின் சீட்டில் தட்டுகளுக்கு நடுவே ஏதோ அசைந்தது. ராமாத்தாள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். "சொல்லுங்க, சொல்லுங்க. நல்லாத்தான் இருக்குது."

மணி ஒன்பதரை தாண்டி ஏழு நிமிஷம். மேலே கொட்டு வேகம் பிடித்தது. குப்பண்ணன் நிமிர்ந்து அந்த ஓட்டுக்கூரையைப் பார்த்தார். கை தானாக வேட்டியை மடியில் நீவியது. பிறகு குனிந்து, மூணாறுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"தேங்கா எண்ணெய் ஊத்துனேன்! ராவுத்தரு சொன்னதெக் கேக்காம, தேங்கா எண்ணெய் ஊத்துனேன்! வண்டி ஓடுனது எண்ணெயால இல்லெ, அவரு கையால!"

அலியார் நிமிர்ந்தார். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சிறு புட்டியை எடுத்தார். தையல் மிஷின் எண்ணெய். மூடி புதிதாக இருந்தது. பித்தளை மூடியைக் கழற்றி, உள்ளே மெழுகாய் நின்றதைக் குச்சியில் சுற்றிய துணியால் வழித்து, பெட்ரோல் ஒரு சொட்டால் துடைத்து, அரைக் கரண்டி ஊற்றி மூடினார். பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டார். அது பூனை இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கியது. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம்.

"இந்தப் புட்டி... காலையில இருந்தே உங்க பையிலயா இருந்துது?"

"சித்தூர்ல இருந்தே."

"தேங்கா எண்ணெய்னு எப்பத் தெரியும்?"

"மூணாறுல மூடியெத் திருகுனதுமே. உங்க தலை வாசம் அடிச்சுது."

குப்பண்ணன் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். நேரமில்லை. ஏறி மிதித்தார்.

அந்தக் கடைசி ஒரு மைலை அந்த வண்டி ஓடிய விதம் பற்றி மாட்டுப்பட்டியில் பல கதைகள் உண்டு. பண்ணைக் காளை ஒன்று கூட ஓடிப் பார்த்துத் தோற்று, ஒரு வாரம் தீனி எடுக்கவில்லை என்பது அவற்றில் ஒன்று. காளை நான்கு நாளில் சாப்பிட ஆரம்பித்துவிட்டது.

குவார்ட்டர்ஸ் வாசலில் பாய் விரித்திருந்தது. ஆசாரி ஊசியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்திருந்தார். சின்னையன் சம்மணம் போட்டு, மடியில் துண்டு விரித்து, துண்டின் சுருக்கத்தை நீக்கிக்கொண்டிருந்தான். கமலாத்தாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். "ஒம்பது நாப்பத்தி மூணு," என்று அவர் சொன்னபோது ஹாரன் கேட்டது. துரை காலத்து ஹாரன். கிழட்டு வாத்து மாதிரி கத்தும். குழந்தை அதைக் கேட்டுச் சிரித்தது.

"டே, எந்திரி," என்றார் குப்பண்ணன், வண்டியை விட்டு இறங்காமலேயே.

சின்னையன் எழுந்தான். பாய் சூடாக இருந்தது என்பதற்காக மட்டும் குப்பண்ணன் அவனுக்கு அன்று நன்றியுடையவராக இருந்தார். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். பதினொரு மாதக் கனம். ஒரு சின்னக் கை வந்து அவர் மீசையைப் பிடித்துக்கொண்டது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார்; குழந்தை வீறிட்டு மீசையை இழுத்தது; மறு காதைக் குத்தினார்; இன்னும் இழுத்தது. குப்பண்ணனின் கண்ணில் நீர் வழிந்தது.

"என்னண்ணா, அழுவுறீங்க?" என்றாள் கமலாத்தாள்.

"மீசையெப் புடிச்சு இழுத்தா உனக்கு வலிக்காதா?"

ஐம்பத்து மூன்று வருஷம் காத்திருந்த மடி அது. குழந்தை அதை முழுக்க நனைத்துவிட்டுத்தான் இறங்கியது. பட்டு வேட்டியை அவர் அன்று முழுக்க மாற்றவில்லை. மாற்றச் சொன்னவர்களிடம் கம்பளி டிராயர் இருக்கிறது, குளிராது என்றார்.

மறுநாள் திரும்பும்போது, மூணாறில் ராசம்மாளின் டீக்கடை முன்னால் ரோடு அடைத்துக்கொண்டிருந்தது. நான்கு எஸ்டேட் ஜீப், இரண்டு தேயிலை லாரி, ஒரு பால் வண்டி. எல்லாவற்றுக்கும் பானெட் திறந்திருந்தது. எல்லாவற்றிலும் ஆவி பறக்கிற களி உருண்டை. வரிசையின் கடைசியில் சின்னையனின் புது ஜீப் நின்றது. அவன் இரண்டு கையாலும் எஞ்சின்மேல் களியை அப்பிக்கொண்டிருந்தான்.

"புது வண்டிக்கு எதுக்குடா?"

"நீங்க ஏழாம் மைல் கல்லுகிட்ட இருந்து பறந்து வந்ததெக் கண்ணால பார்த்தனுங்களேண்ணா. இதெ முன்னாலயே சொல்லித் தந்திருக்கக் கூடாதுங்களா?"

ராசம்மாள் ஓடிவந்தாள். "அய்யா, ஒங்க புண்ணியம்! காலையில இருந்து மூணு பானை. நீங்க காசு குடுக்கப்படாது, ஆமா."

குப்பண்ணன் அலியாரைப் பார்த்தார். அலியார் குப்பண்ணனைப் பார்த்தார். உண்மையைச் சொல்வதற்கு அது பொருத்தமான இடமாக இருவருக்கும் தோன்றவில்லை. குப்பண்ணன் ஓர் உருண்டை வாங்கித் தன் வண்டிக்கும் வைத்தார். அலியார் சாப்பிட்டார்.

ஏறி உட்கார்ந்தார்கள். சாவியைத் திருகியதும் வண்டி தும்மாமல், இருமாமல், முனகாமல் பிடித்தது. கிளம்பப் போகிற அந்தக் கணத்தில், இரண்டு நாள் பனி குடித்திருந்த அலியார் முகத்தைச் சுளித்து, மூக்கை உறிஞ்சி, அடக்கப் பார்த்து, முடியாமல், 'ஹச்' என்றார்.

"நிறுத்துங்க," என்றாள் ராமாத்தாள். கூஜாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "எறங்குங்க ரெண்டு பேரும். தண்ணி குடிச்சு, உக்கோந்து, அப்புறம் போலாம். அவசரமில்லீங்க. பொள்ளாச்சி வழியாத்தானே போறோம்? அந்த ரெண்டு சினிமா எந்தக் கொட்டாயிலன்னு போற வழியில காட்டுவீங்களாமா."

குப்பண்ணன் இறங்கி, டீக்கடை பெஞ்சில் நிதானமாக உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை மிக மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு கூஜாவை நீட்டி, இன்னொரு டம்ளர் கேட்டார்.